பக்கத்துக் கையெழுத்து

ஜூன் 7, செவ்வாய்

தம்பி சங்கரபாண்டிக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது. பதினொன்றரைக்கு வக்கீல் செல்வின் போன் செய்தார். கோயில் கொடை விழாவில் மைக்கை யார் பிடிப்பது என்று கிளம்பிய சண்டையில், தன் லோடு ஆட்டோவில் கிடந்த வீல் ஸ்பேனரை எடுத்து ஒருத்தன் மண்டையைப் பிளந்தவன் இவன். அடிபட்டவன் தையல் பிரித்து டீக்கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறான். அடித்தவன் மூன்று வாரமாகப் பாளை ஜெயிலில் களி தின்கிறான். ஐம்பத்தைந்து வயதில் இது தேவையா?

ஜாமீன் கிடைத்தால் உடனே வெளியே வந்துவிட முடியாது. இரண்டு பேர் ஜாமீன் நிற்க வேண்டும். இருவருக்கும் சொந்த வீடு, நடப்பு வீட்டு வரி ரசீது, வி.ஏ.ஓ. சான்று எல்லாம் இருக்க வேண்டும். அதில் ஒருவர் ரத்த சொந்தமாக இருக்க வேண்டும் என்று உத்தரவு. அவனுக்குப் பிள்ளைகள் இல்லை. அம்மா இடுப்பு ஒடிந்து என் வீட்டுக் கூடத்தில் கட்டிலோடு கிடக்கிறாள். பிறகு நான்தானே?

சாயங்காலம் அவன் பெண்டாட்டி தங்கபுஷ்பம் வந்தாள். "அத்தான், நீங்க மனசு வைக்கணும்" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். நிற்கிறேன் என்று சொல்லிவிட்டேன். ஒரே ஒரு நிபந்தனைதான். இன்னொருவர் யார் என்று நான் விசாரித்த பிறகுதான் என் கையெழுத்து விழும். பத்திர ஆபீசில் முப்பத்தோரு வருஷம் இருந்தவன் நான். ஒரே தாளில் என் கையெழுத்துக்குப் பக்கத்தில் எந்தக் களவாணிப் பயல் கையெழுத்து விழுகிறது என்று பார்க்க வேண்டாமா?

"அது நியாயம்தானே" என்றாள் ஆவுடை. என் பெண்டாட்டி என் பேச்சை நியாயம் என்று சொல்வது ஆண்டுக்கு ஒரு முறை நடக்கும்.

ஜூன் 8

அம்மா காலையில் காப்பி குடிக்கவில்லை. நான் டம்ளரை நீட்டினால் வாயை இறுக்கிக்கொள்கிறாள். "சங்கரன் வந்துட்டானா?" இதை மட்டும் விடிந்ததிலிருந்து ஆறு தடவை கேட்டுவிட்டாள். கருப்பட்டிக் காப்பியை அவன் கொடுத்தால்தான் அவளுக்கு இறங்கும்.

டாக்டர் வந்து பார்த்தார். ஆகாரம் எடுக்காவிட்டால் அதிகம் போனால் ஒரு மாதம் என்று வாசலில் வைத்துச் சொன்னார்.

ஜூன் 10, வெள்ளி

வக்கீல் குமாஸ்தா கோயில்பிள்ளை ஒரு ஆளைக் காட்டினார். பெயர் ராசுக்குட்டி. கோர்ட் எதிர்ப் பெட்டிக்கடையில் உட்கார்ந்து ஜாமீனுக்கு ஆள் பிடித்துக் கொடுப்பதுதான் தொழில். தும்பைப்பூ மாதிரி வேட்டி, நெற்றி நிறைய விபூதி.

"அண்ணாச்சி, ஆள் ரெடி. ஆதார், வரி ரசீது, வி.ஏ.ஓ. சீல் எல்லாம் பக்கா. சாயந்திரமே தம்பி வீட்ல இருப்பாரு" என்றான்.

"ஆள் வீடு எங்கடே?"

"அது எதுக்கு அண்ணாச்சி உங்களுக்கு? வெயில்ல."

வெயிலில்தான் போனேன். ரசீதில் கண்ட தெருவில், ரசீதில் கண்ட கதவு எண்ணைத் தேடிக் கண்டுபிடித்தேன். கட்டணக் கழிப்பிடம். வாசலில் உட்கார்ந்திருந்தவரிடம், "இங்கே சுடலைமாடன் என்று ஒருவர் குடியிருக்கிறாரா?" என்று கேட்டேன். "குடியிருக்க முடியுமாய்யா? அவசரம்னா போயிட்டு வாரும்" என்றார்.

திரும்பி வந்து ராசுக்குட்டியைப் பெட்டிக்கடை முன்னால் நாலு பேர் கேட்க நாறடித்தேன். கோயில்பிள்ளை முகம் செத்துப்போயிற்று. செல்வினே எழுந்து நின்று, "சார், நல்லவேளை நீங்க பாத்தீங்க. மாட்டியிருந்தா தம்பி ஜாமீனே ரத்தாகியிருக்கும்" என்றார்.

எத்தனை வருஷத்துக்குப் பிறகு என்னைப் பார்த்து ஒருத்தர் எழுந்து நிற்கிறார்! ராத்திரி இரண்டு தோசை கூடுதலாக இறங்கியது.

ஜூன் 13

தங்கபுஷ்பத்தின் தாய்மாமன் முத்தையா நிற்கிறேன் என்கிறார். வீடு சொந்தம். வரி கட்டியிருக்கிறார். ஆள் யோக்கியர், ஊரில் கேட்டேன்.

ஆனால் இரண்டு வருஷத்துக்கு முன்பு தன் மருமகன் கேஸ் ஒன்றுக்கு இதே வீட்டைக் காட்டி ஜாமீன் நின்றிருக்கிறார். நானாகத் தோண்டினேன், அவர் சொல்லவில்லை. செல்வின், "அந்தக் கேஸ் முடிஞ்சு போச்சு சார், இதுல ஒண்ணும் வராது" என்கிறார். முடிந்ததற்குத் தீர்ப்பு நகல் எங்கே? இல்லை. நகல் வாங்க மனுப் போட்டால் எவ்வளவு நாள்? சொல்ல முடியாது. அப்படியானால் ஆள் வேண்டாம்.

முத்தையா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "கெட்டவனைப் பிடிக்கதுக்குத்தான் விசாரணைன்னு நெனைச்சேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். போகட்டும்.

ஜூன் 15

தங்கபுஷ்பம் ஜெயிலில் மனுப் போட்டு அவனைப் பார்த்துவிட்டு நேரே இங்கே வந்தாள். நான் மேசையில் வரி ரசீதுகளைப் பரப்பி வைத்துச் சீரியல் நம்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். "அத்தான், போன வாரம் அத்தை என்கிட்ட ஒண்ணு சொன்னாவ. இன்னைக்கு இவுககிட்டச் சொன்னேன். இவுகளும் சரின்னுட்டாவ" என்று ஆரம்பித்தாள். சாப்பாட்டு விஷயமானால் ஆவுடையிடம் சொல், வேலையாக இருக்கிறேன் என்றேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டாள். பூர்வீக வீட்டைப் பற்றித்தான் இருக்கும். மாமியாரும் மருமகளும் மகனும் சேர்ந்து பேசி முடித்துவிட்டார்கள் போல. எனக்குச் சேதி மட்டும் வருகிறது.

மோட்டாரில் தண்ணீர் ஏறவில்லை. ஆளைக் கூப்பிட வேண்டும்.

ஜூன் 16

தூக்கம் வரவில்லை. எழுதினால் வரும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்கு ஏழு வயதில் சங்கரன் பிறந்தான். அந்த வருஷமே என்னைக் கோவில்பட்டிப் பெரியப்பா வீட்டுக்கு அனுப்பினார்கள். அங்கே பிள்ளை இல்லை, இங்கே பால் மாடு இல்லை, அதனால் நான் போனேன். பதினெட்டு வயதில் திரும்பி வந்தேன். நடுவில் அம்மா வந்து பார்த்தது இரண்டு தடவை. இரண்டு தடவையும் அவன் இடுப்பில் இருந்தான்.

அப்பாவுக்குத் தலைமகன் கொள்ளி, அம்மாவுக்குக் கடைசி மகன் கொள்ளி. எங்களில் அதுதான் வழக்கம். அப்பாவுக்கு நான் வைத்தேன். அன்று சுடுகாட்டிலிருந்து வந்ததும் அம்மா எல்லார் முன்னாலும், "எனக்குக் கொள்ளி போட என் சங்கரன் இருக்கான்" என்றாள். புருஷன் செத்த வீட்டில் பேசுகிற பேச்சா அது? இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. வழக்கம் அப்படி இருந்தால் நான் என்ன செய்ய முடியும்.

ஜூன் 18, சனி

மூன்றாவது ஆள் தானாக வந்தது. அந்தோணியம்மாள், கால்வாய்க் கரைத் தெருவில் இட்லிக் கடை. வெள்ளத்தின்போது பேறுகால வலியில் துடித்த அவள் மகளைச் சங்கரன் லோடு ஆட்டோவில் இடுப்பளவுத் தண்ணீரில் ஓட்டிக்கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தானாம். அதற்கு நன்றி.

வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். கதவு எண் சரி. பட்டா அவள் பெயரில். ஆதாரில் உள்ள பெயரும் பட்டாவில் உள்ள பெயரும் எழுத்துப் பிசகாமல் ஒன்று. நாலு பக்கமும் அளந்து பார்த்தேன். ரேஷன் கார்டு, கரண்ட் கார்டு, புருஷன் இறப்புச் சான்று எல்லாம் கேட்டேன். ஒவ்வொன்றாகத் தகரப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தவள், கடைசியில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"சார்வாள், நீங்க ஜாமீனுக்கு விசாரிக்கீயளா, இல்ல என்னையப் பொண்ணு பாக்க வந்தீயளா?"

கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். இட்லி நன்றாக இருந்தது, பொய் சொல்லக்கூடாது.

இந்த அரை வருஷ வரி மட்டும் பாக்கி. சொன்ன உடனே போய்க் கட்டிவிட்டு ரசீதோடு வந்து நின்றாள்.

செல்வின், திங்கட்கிழமை இருவரும் வந்து கையெழுத்துப் போட்டால் முடிந்தது என்கிறார். ஆவுடை பூஜை மாடத்தில் விளக்கேற்றினாள். அம்மா காதில் போய், "திங்கக்கிழமை கொழுந்தன் வந்துருவாவ அத்தை" என்று கத்தினாள். அம்மா அரை டம்ளர் கஞ்சி குடித்தாள். என் கையால் அல்ல.

ஜூன் 19, ஞாயிறு

அந்தோணியம்மாள் வீட்டு வரைபடத்தை மறுபடியும் பார்த்தேன். பின்பக்க அடுக்களை கால்வாய்ப் புறம்போக்கில் மூன்றடி உள்ளே போகிறது.

ஜூன் 20, திங்கள்

கோர்ட்டுக்குப் போகவில்லை. தாலுகா ஆபீசுக்குப் போனேன். மேற்படி சர்வே எண்ணில் புறம்போக்கு ஆக்கிரமிப்பு உண்டா என்று ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கேட்டேன். புகார் இல்லை, கேள்வி மட்டும்தான். சந்தேகம் வந்தால் எழுத்தில் கேட்க வேண்டும், வாய்ப்பேச்சு நிற்காது.

செல்வின் ஏழு தடவை போன் செய்திருக்கிறார். சாயங்காலம் எடுத்தேன். "சார், அந்த அம்மா காலையில இருந்து குளிச்சு முழுகி கோர்ட் வாசல்ல நின்னுச்சு. கடையைப் பூட்டிட்டு வந்திருக்கு. அடுக்களை மூணடி வெளிய இருந்தா வீடு இல்லாமப் போயிருமா?" என்றார். வக்கீல் இப்படிப் பேசினால் சட்டம் எப்படி விளங்கும்?

ஜூன் 22

ரெவின்யூ இன்ஸ்பெக்டர் டேப் பிடித்து அளந்துவிட்டுப் போனாராம். அடுக்களையை ஒரு மாதத்தில் எடுக்கச் சொல்லி நோட்டீஸ்.

மத்தியானம் அந்தோணியம்மாள் என் வாசலுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை. கூப்பாடு போடுவாள் என்று கதவைப் பாதி சாத்தி வைத்திருந்தேன். அவள் சத்தமே போடவில்லை. "நல்லது செய்ய வந்தவ அடுப்புல மண்ணள்ளிப் போட்டுட்டீரேய்யா. நீரு நல்லா இருப்பீரு" என்றாள். அவ்வளவுதான். நல்லா இருப்பீர் என்று அவள் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

ஆவுடை இன்று முழுக்க என்னோடு பேசவில்லை. ராத்திரி தட்டை வைக்கும்போது மட்டும், "ஒங்க கையெழுத்துக்குப் பக்கத்துல எமதர்மராசா வந்து கையெழுத்துப் போட்டாலும் அவன் வரி ரசீது கேப்பீய" என்றாள். புளிக்குழம்பில் உப்பே இல்லை.

ஜூன் 23, வியாழன்

இதைத் தேதியோடு எழுதி வைக்க வேண்டும்.

காலை பத்து மணிக்கு அம்மா என் கையைப் பிடித்தாள். அவளாகப் பிடித்தாள். விரல் நாலும் ஈர்க்குச்சி மாதிரி இருந்தது, ஆனால் பிடி இறுக்கம். எத்தனை வருஷத்துக்குப் பிறகு என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன், தெரியவில்லை.

"எய்யா, குத்தாலிங்கம்."

"சொல்லும்மா."

"சங்கரனைக் கூட்டிட்டு வாய்யா. ஒங்க ரெண்டு பேரையும் பக்கத்துல வச்சு ஒண்ணு சொல்லணும்."

"என்கிட்டச் சொல்லேம்மா. நான்தானே பக்கத்துல இருக்கேன். பீ மூத்திரம் அள்ளுறவ என் பொண்டாட்டிதானே."

"இல்லய்யா. அவன் முன்னாலதான் சொல்லணும். அவன் வாயால சரின்னு சொல்லணும்."

சாகக் கிடக்கிறவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்கிறாள், அதுவும் அவனைத்தான். அறுபத்திரண்டு வயதில் ஒரு மனுஷன் இதற்கெல்லாம் அழலாமா? பின்கட்டுக்குப் போய் முகம் கழுவினேன்.

"நாளைக்கு வந்துருவான்மா" என்று சொன்னேன். சொன்னது சொன்னதுதான். நாளைக்கு முடித்துவிடுகிறேன்.

ஜூன் 24, வெள்ளி

நான்காவது ஆளைச் செல்வினே பிடித்திருந்தார். ரிட்டயர்ட் போஸ்ட்மேன் வேலுச்சாமி. பென்ஷன் வாங்குகிறவர், மாடி வீடு, வில்லங்கம் கிடையாது. நேற்று ராத்திரி பதினொரு மணி வரை அவர் தாள்களைப் பார்த்தேன். ஒரு குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லை. பென்ஷன் ஆர்டர், பிரமாணப் பத்திரம், ரசீது எல்லாம் முத்து முத்தாக இருந்தன.

இரண்டு மணிக்கு கோர்ட் வராந்தாவில் நாங்கள் இருவரும் நின்றோம். மூன்று மணிக்குக் கூப்பிடுவார்கள் என்றார் கோயில்பிள்ளை. தங்கபுஷ்பம் தூணோரம் உட்கார்ந்து முருகா முருகா என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அவன் மாற்றிக்கொள்ள வேட்டி சட்டை கூட ஒரு மஞ்சப்பையில் கொண்டு வந்திருந்தாள்.

பேனாவைத் திறந்தேன். அப்போதுதான் போட்டோவைப் பார்த்தேன். பிரமாணப் பத்திரத்தில் ஒட்டியிருந்த வேலுச்சாமிக்குக் கருகரு மீசை. எதிரே நிற்கிற வேலுச்சாமிக்கு மீசையே இல்லை, தலையும் வழுக்கை. பதினைந்து வருஷத்துப் போட்டோ!

"வேற போட்டோ வேணும்" என்றேன்.

"சார், ஆதார்லயும் அதே முகம்தானே, ஆள் நேர்ல நிக்காருல்லா?" என்றார் செல்வின்.

"ஆள் மாறாட்டம்னு நாளைக்கு ஒருத்தன் சொன்னா என் கையெழுத்தும் சேந்துதானே நாறும்?"

வேலுச்சாமி நல்ல மனுஷன். "பக்கத்துல ஸ்டூடியோ இருக்கு, எடுத்துட்டு வந்துருதேன்" என்று ஓடினார். ஸ்டூடியோவில் கரண்ட் இல்லை. அடுத்த ஸ்டூடியோ பஸ் ஸ்டாண்டில். அவர் வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வரும்போது நாலரை. மாஜிஸ்திரேட் மூன்று ஐம்பதுக்கு இறங்கிவிட்டார். ஜாமீன் கட்டுகளை எடுத்துக் கட்டிவிட்டார்கள். இனித் திங்கட்கிழமைதான்.

தங்கபுஷ்பம் அழவில்லை. மஞ்சப்பையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பஸ்ஸில் அவளுக்குப் பக்கத்து இடம் காலியாக இருந்தும் நான் நின்றுகொண்டே வந்தேன்.

ஜூன் 25

அம்மாவுக்குக் கண் திறக்கவில்லை. பால் கடைவாயில் வழிகிறது.

ஜூன் 26, ஞாயிறு

விடியற்காலை ஐந்தேகாலுக்கு அம்மா போய்விட்டாள்.

நான்தான் பக்கத்தில் இருந்தேன். கடைசியாக "வந்துட்டியாய்யா?" என்றாள். யாரைக் கேட்டாள் என்று தெரியும். "வந்துட்டேன்மா" என்றேன். தப்பா? யாருக்கு என்ன நஷ்டம்? அவள் சிரித்த மாதிரி இருந்தது. அந்தச் சிரிப்பை நான் இதற்கு முன் நேருக்கு நேராகப் பார்த்ததில்லை.

ஏழு மணிக்குத் தங்கபுஷ்பம் செல்வினோடு வந்தாள். மாஜிஸ்திரேட் வீட்டிலேயே மனுக் கொடுத்துப் போலீஸ் காவலில் அவனைக் கூட்டி வரலாமாம். ஞாயிற்றுக்கிழமை, நேரம் பிடிக்கும், எப்படியும் ராத்திரியாகும், ஐஸ் பெட்டி வைத்து நாளைக் காலையில் எடுத்தால் போதும் என்றார்.

"என் அம்மாவை ஐஸ் பெட்டியில வைக்க மாட்டேன். விலங்கு மாட்டி நாலு போலீஸோட ஒருத்தன் வந்து கொள்ளி வைக்க, ஊர் வேடிக்கை பாக்கணுமா? நாலரைக்கு ராகுகாலம். அதுக்கு முன்னால எடுக்கணும்" என்றேன்.

தங்கபுஷ்பம் வாசலில் என் காலைப் பிடித்துக்கொண்டாள். "கொள்ளிக்காவ இல்ல அத்தான்! சத்தியமா அதுக்காவ இல்ல! முகத்தைப் பாக்கத்தான் கேக்கேன்! ஒரு வார்த்தை கேளுங்க அத்தான்!"

கொள்ளிக்காக இல்லையாம். வேறு எதற்காம்? காலை உருவிக்கொண்டு, அம்மாவைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்கும் நீர்மாலைக்குப் போய்விட்டேன்.

மூன்றரைக்கு எடுத்தோம். மொட்டை போடுகிறவர் கத்தியைத் தீட்டிக்கொண்டே, "சின்னவுக இல்லையா? தாய்க்குச் சின்னவுகதானே?" என்று கேட்டார். "அவன் வர முடியல. சிரையும்" என்றேன்.

கொள்ளிக்குடம் தோளில் ஏறியதும் தண்ணீர் முதுகில் வழிந்தது. வெயிலில் குளிர்ச்சியாக இருந்தது. மூன்று சுற்று சுற்றினேன். திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

ஜூன் 27, திங்கள்

காலையில் சாம்பல் அள்ளி ஆற்றில் கரைத்தோம். மத்தியானம் மொட்டைத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நேரே கோர்ட்டுக்குப் போனேன். தீட்டு என்றாள் ஆவுடை. கோர்ட்டுக்கு ஏது தீட்டு?

வேலுச்சாமி வந்திருந்தார். கையெழுத்துப் போட்டேன், அவரும் போட்டார். மாஜிஸ்திரேட் என்னிடம், "எதிரி சங்கரபாண்டி உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். "கூடப் பிறந்த தம்பி" என்றேன். "வாய்தாவுக்கு ஒழுங்கா ஆஜர்படுத்துவீங்களா?" என்றார். "கண்டிப்பா" என்றேன். மொத்தம் இரண்டு நிமிஷம்.

வெளியே வந்ததும் செல்வின் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "சார், ஒண்ணு கவனிச்சீங்களா? இன்னைக்குப் போட்ட பத்திரத்துல அதே பழைய போட்டோதான். மீசை வச்சது. கோயில்பிள்ளை புதுசை ஒட்ட மறந்துட்டாரு. நீங்களும் ஒண்ணும் சொல்லலை. கோர்ட்லயும் யாரும் பாக்கலை."

ஓய்ச்சலில் கவனிக்கவில்லை என்றேன். வெற்றிலை போடப் போய்விட்டார்.

ஜூன் 28

சங்கரன் காலை எட்டு மணிக்கு வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே காலிக் கட்டிலைப் பார்த்துவிட்டான். ஜெயிலிலேயே சொல்லியிருப்பார்கள், இருந்தாலும் பார்த்துவிட்டான். அப்படியே தரையில் உட்கார்ந்து கட்டில் சட்டத்தில் நெற்றியை வைத்துக்கொண்டான். சத்தம் இல்லை. முதுகு மட்டும் குலுங்கியது.

பிறகு என் மொட்டைத் தலையைப் பார்த்தான். எழுந்து வந்து என் காலைத் தொட்டான். "எனக்காவ ரொம்ப அலைஞ்சியாம்லா அண்ணே" என்றான். கேலியா என்று முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை.

அலைந்தது உண்மைதானே.

ஜூலை 4

சங்கரன் தினம் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறான். வரும் வழியில் கால்வாய்க் கரைத் தெருவில் அந்தோணியம்மாள் அடுக்களையைப் பிரித்து, சுவரை உள்ளே தள்ளிக் கட்டிக்கொடுத்துக்கொண்டிருக்கிறானாம். செங்கல் சுமப்பது இவன், சாந்து குழைப்பது முத்தையா மாமா. ஆவுடை சொன்னாள். நான் கேட்கவில்லை, அவளாகச் சொன்னாள்.

ஜூலை 11, திங்கள்

இன்று அம்மாவுக்குப் பதினாறாம் நாள். விசேஷம் நல்லபடியாக முடிந்தது. சாம்பார் போதவில்லை, மறுபடி வைத்தோம்.

எல்லாரும் போன பிறகு சங்கரன் என் எதிரே வந்து உட்கார்ந்தான். தங்கபுஷ்பம் நடைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கூப்பாடு வரும் என்று நான் எதிர்பார்த்தேன். பதிலெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். கழிப்பிடம் முதல் போட்டோ வரைக்கும் வரிசையாக, தேதியோடு.

அவன் அது எதையும் கேட்கவில்லை.

"அண்ணே, கொள்ளி வைக்கணும்னு ஆசை இருந்தா என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா?"

"வழக்கம் ஒன்னோடது. நான் எதுக்குக் கேக்கணும்?"

"அம்மைதான் சொன்னாளே, நீதான் வைக்கணும்னு."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"எனக்கு ஜாமீன் கிடைச்ச வாரமே அம்மை புஷ்பத்துகிட்டச் சொல்லியிருக்கா. 'பெரியவனைச் சின்ன வயசுல அடுத்த வீட்டுக்குத் தூக்கிக் கொடுத்துட்டேன். எனக்கு அவன்தான் கொள்ளி வைக்கணும். சங்கரன் கோவிச்சுக்கிடாம அதுக்குச் சரின்னு சொல்லணும், அதையும் அவன் அண்ணன் முன்னாலயே சொல்லணும், இல்லன்னா பெரியவன் நம்ப மாட்டான்'னு. அதுக்குத்தான் என்னையத் தேடினா. புஷ்பம் மனுப் பாக்க வந்தப்ப என்கிட்டச் சொன்னா. நான் அப்பவே சரின்னுட்டேன். எனக்கு என்னண்ணே, பதினோரு வருஷம் தனியா அவகூடக் கிடந்தவன் நான். ஒனக்கு அதுதானே மிச்சம்."

வாய் பழக்கத்தில் பேசியது.

"யார் முன்னால சொன்னா? என்னைக்கு? எழுத்துல ஏதும் இருக்கா?"

சங்கரன் என்னையே பார்த்தான். அவன் முகத்தில் கோபம் வந்திருந்தால் தேவலை. பரிதாபம்தான் வந்தது. "எழுத்துல எப்படிண்ணே இருக்கும்? அம்மைக்குக் கைநாட்டுதானே" என்று சொல்லிவிட்டு எழுந்தான்.

தங்கபுஷ்பம் நிலையைப் பிடித்தபடியே சொன்னாள். "ஒங்ககிட்டச் சொல்ல வந்தேன் அத்தான். நீங்க ரசீது பாத்துக்கிட்டிருந்தீய."

அவர்கள் போய்விட்டார்கள். ஆவுடை இலைகளை அள்ளிக்கொண்டிருந்தாள். உனக்குத் தெரியுமா என்று கேட்டேன். அவள் குனிந்தபடியே, "தெரியாது. தெரிஞ்சிருந்தா மட்டும் ஒங்களை நம்ப வச்சிருக்க முடியுமா?" என்றாள்.

பொய் என்றுதான் முதலில் நினைத்தேன். செத்தவள் பெயரைச் சொல்லி என்னைக் குத்திக் காட்ட இருவரும் சேர்ந்து கட்டிய கதை. எந்த ஆதாரமும் கிடையாது. இரவு சாப்பிடாமல் மேசையில் வந்து உட்கார்ந்தேன். இந்த டைரியை எடுத்துப் பின்னால் புரட்டினேன்.

ஜூன் 15. "போன வாரம் அத்தை என்கிட்ட ஒண்ணு சொன்னாவ. இன்னைக்கு இவுககிட்டச் சொன்னேன். இவுகளும் சரின்னுட்டாவ."

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தேன். தேதி சரியாக இருக்கிறது. அடித்தல் திருத்தல் எதுவும் இல்லை. கையெழுத்து என்னுடையதுதான்.